மர மாண்டிசோரி செட்: ஒரு அரசுப் பள்ளி டீச்சரோட ரிவ்யூ

ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இருந்து எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி, "டீச்சர், அந்த மரத்துல செஞ்ச மாண்டிசோரி செட் வாங்கலாமா, இல்ல காசுக்குப் புடிச்ச கேடா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றதை விட எழுதி வெச்சிட்டா எல்லாருக்கும் அனுப்பலாம், அதான் இது. நான் வேலை பாக்குறது ஈராசிரியர் பள்ளி, ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் ஒரே ரூம்ல என்கிட்ட, நாலும் அஞ்சும் ஹெச்.எம் கிட்ட. போன கோடை லீவுல சென்னையில ஒரு கடையில சொந்தக் காசு போட்டு வாங்கி ஸ்கூல் திறந்ததும் கிளாஸ்ல வெச்சேன், வருஷம் பூரா பிள்ளைங்க கை பட்ட பிறகுதான் இதை எழுதுறேன். கடை பேர் போடல, ஏன்னா இதே சரக்கு வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி எல்லா இடத்துலயும் விக்குது, ஆன்லைன்லயும் அதேதான்.

செட்டுல வந்தது: நாலு உருளைக் கட்டை, பிங்க் கோபுரம், தமிழ் உப்புத்தாள் எழுத்து அட்டை, குச்சிப் பெட்டி, தங்க மணி, மணல் தட்டு, கலர் பலகை, பட்டன் மாட்டுற சட்டம், அப்புறம் ஒரு கட்டு படக் கார்டு. எல்லாம் சேர்த்து பதினோராயிரம் கிட்ட ஆச்சு. முழு செட் யாருக்கும் தேவை இல்லைங்கிறதை முதல்லயே சொல்லிடறேன். உருளைக் கட்டை, எழுத்து அட்டை, குச்சிப் பெட்டி, மணி, இந்த நாலுதான் காசுக்குத் தகுந்தது, மத்ததை தனித்தனியா கீழ சொல்றேன்.

உருளைக் கட்டையில இருந்து ஆரம்பிக்கிறேன். நீளமான ஒரு மரக்கட்டை, அதுல பத்து குழி, ஒவ்வொரு குழிக்கும் குமிழ் வெச்ச ஒரு உருளை. பார்த்தா வெறும் விளையாட்டு சாமான் மாதிரிதான் இருக்கும். எங்க ஒண்ணாவதுல ஒரு பையன், ஜூன் மாசம் முழுக்க வாயே திறக்காதவன், இதைத் தரையில வெச்சு உக்காந்தான். ஒன்பது உருளை போட்டுட்டான், பத்தாவது கையில இருக்கு, மிச்சம் இருக்கிற குழியோ ஒல்லி, கையில இருக்கிறதோ குண்டு. என் முகத்தைப் பார்த்தான். நான் ஒண்ணும் சொல்லாம வேற பக்கம் நோட்டு திருத்திட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் அந்தக் குழிக்குள்ள விரலை விட்டுப் பார்த்தான், அப்புறம் கடைசியா போட்ட நாலை வெளிய எடுத்து வரிசையா நிக்க வெச்சு கண்ணாலயே அளந்து திரும்பப் போட்டான், சரியா உக்காந்துடுச்சு. யாரும் தப்புன்னு சொல்லல, யாரும் வெரிகுட்டும் சொல்லல, தப்பைக் கட்டையே காட்டிக் குடுத்துடுச்சு. இந்த ஒரு குணம் ஒரு பொருள்ல இருக்கா இல்லையான்னு பார்த்துதான் நீங்க காசு குடுக்கணும், மரம் தேக்கா ரப்பர் மரமா, பாலிஷ் பளபளன்னு இருக்கா இதெல்லாம் அப்புறம். உருளை குழிக்குள்ள லூசா ஆடினா ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணும் உள்ள போயிடும், அப்போ தப்பு வெளிய தெரியாது, அந்தக் கட்டை வெறும் மரம்தான். எனக்கு வந்த நாலுல ஒண்ணு அப்படி லூசு, மூணு நல்லா இருந்துச்சு.

மாண்டிசோரின்னாலே ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம், பணக்கார ஸ்கூல் சமாச்சாரம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா இந்த முறையை உருவாக்கின இத்தாலிக்காரங்க, அந்தம்மா மரியா மாண்டிசோரி, நம்ம அடையாறுலயே வந்து இருந்து பாடம் நடத்தினவங்க. 1939 கடைசியில, அறுபத்தொன்பது வயசுல, தியாசஃபிக்கல் சொசைட்டி தலைவரா இருந்த ஜார்ஜ் அருண்டேல் கூப்பிட்டு மகன் மரியோவோட வந்தாங்க, அங்க ஓலைக் கொட்டகையிலதான் டிரெய்னிங் நடந்துச்சு, இந்தியா முழுக்க இருந்து முந்நூறு பேருக்கு மேல வந்து படிச்சாங்க. சில மாசம் இருந்துட்டுப் போகலாம்னு வந்தவங்க, 1940 ஜூன்ல இத்தாலி போர்ல இறங்கினதும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டுக்காரங்க ஆயிட்டாங்க, மகனை முகாம்ல அடைச்சுட்டாங்க, அம்மா சொசைட்டி வளாகத்தை விட்டு வெளிய போகக் கூடாதுன்னுட்டாங்க. அந்த ஆகஸ்ட் 31 அவங்களுக்கு எழுபதாவது பிறந்தநாள், அதுக்குப் பரிசா மகனை விடுறோம்னு வைஸ்ராய் தந்தி அனுப்பினாரு. போர் முடியிற வரைக்கும் நாட்டை விட்டுப் போக முடியல, 1942ல இருந்து 1944 வரைக்கும் கொடைக்கானல்ல இருந்தாங்க, அங்க சின்னது பெருசு எல்லா வயசுப் பிள்ளைங்களும் கலந்து இருந்த ஒரு குட்டி ஸ்கூல்லதான் பெரிய பிள்ளைங்களுக்கான பாட முறையை வளர்த்தாங்க. 1946லதான் ஐரோப்பா திரும்பினாங்க. அடையாறுல படிச்ச டீச்சருங்க நாடு முழுக்கப் போய் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, ஆனா சாமான் விலையும் ஃபீசும் சேர்ந்து அந்த முறையை இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க கையிலயே நிறுத்திடுச்சு, நம்ம ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு அது வந்து சேரவே இல்ல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிள்ளைக்குக் கிடைக்காதது ரோம்ல இருந்து வந்தா என்ன அடையாறுல இருந்து வந்தா என்ன.

எழுத்து அட்டைக்கு வரேன். வழவழன்னு ஒரு பலகை, அது மேல உப்புத்தாள்ல வெட்டின எழுத்து, பிள்ளை ரெண்டு விரலால தடவிட்டே சத்தம் சொல்லணும். உயிர் பன்னெண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒண்ணு, மொத்தம் 31 அட்டை. அ, ஆ, ட, ப, ம எல்லாம் அருமை. ணகரத்துல கோட்டை விட்டுட்டாங்க, மூணு சுழியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்குது, கண்ணை மூடிட்டு தடவினா அது மூணு சுழியா ரெண்டு சுழியான்னு எனக்கே பிடிபடல, அப்புறம் பிள்ளைக்கு எப்படித் தெரியும். ழவுல வாலை எந்தப் பக்கம் இழுக்கணும்னு அம்புக்குறி இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு எழுத்தையும் கடையிலயே கண்ணை மூடித் தடவிப் பாருங்க, இது சரியா இருந்தா மிச்சம் எல்லாம் சரியா இருக்கும்.

பெரிய குறை உயிர்மெய் குறி ஒண்ணு கூட தராதது. இங்கிலீஷ் செட்டைப் பார்த்து எழுத்தை மட்டும் மாத்தினா இப்படித்தான் ஆகும். நம்ம எழுத்துல கால், கொம்பு, கொக்கி இல்லாம ஒரு வாக்கியம் எழுத முடியுமா. ஹார்டுவேர் கடையில 120 நம்பர் உப்புத்தாள் வாங்கி, பழைய காலண்டர் அட்டையில ஃபெவிகால் போட்டு ஒட்டி, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்துக்கு வர்ற சங்கிலிக் கொம்பு எல்லாம் நானே தனித்தனி அட்டையா செஞ்சேன். இதுல கிடைச்ச பலன் அந்த பதினோராயிரத்துலயும் கிடைக்கல. க அட்டையை நடுவுல வெச்சு இடது பக்கம் ஒற்றைக் கொம்பு, வலது பக்கம் கால் வெச்சா கொ. ஒற்றைக் கொம்பை எடுத்துட்டு இரட்டைக் கொம்பு வெச்சா கோ. ஓ சத்தம் கேக்குறப்ப குறி ரெண்டு பக்கமும் வரும்ங்கிறது கரும்பலகையில எழுதிப் போட்டு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, அட்டையைக் கையால நகர்த்தி வெச்ச பிள்ளைங்க டிக்டேஷன்ல கொம்பை மறக்கிறது கண்ணு முன்னாடி குறைஞ்சுது. தமிழ் செட் விக்கிறவங்க தயவுசெஞ்சு இந்தக் குறி அட்டைகளையும் சேர்த்துத் தாங்க.

மணல் தட்டு வாங்காதீங்க. பழைய எவர்சில்வர் தட்டுல ஆத்து மணல் சலிச்சுப் போட்டா போதும். மணல்ல எழுதிப் படிக்கிறது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கம், இதை யாரும் நமக்கு விக்க வேண்டியதே இல்ல. 1789ல எழும்பூர்ல ராணுவத்து ஆதரவற்ற பசங்க விடுதிக்குப் பொறுப்பா வந்த ஆண்ட்ரூ பெல் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்ல விரலால எழுதறதைப் பார்த்துட்டு, இதையே செய்யலாமேன்னு தன் விடுதி வாத்தியாருங்க கிட்ட சொன்னாரு, அவங்க ஒத்துக்கல, உடனே எட்டு வயசுப் பையன் ஒருத்தனை சின்னப் பசங்களுக்கு மணல்ல எழுதிச் சொல்லித் தர வெச்சாரு, அது வேலை செஞ்சுது. பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லித் தர்றது, நம்ம ஊர் சட்டாம்பிள்ளை முறைதான். 1797ல லண்டன்ல அதை அறிக்கையா போட்டாரு, மெட்ராஸ் முறைங்கிற பேர்லயே இங்கிலாந்து முழுக்க ஸ்கூல் ஸ்கூலா பரவிச்சு. மலிவா நிறைய பிள்ளைங்களை உக்கார வெக்கிற வழியா மட்டுமே அங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க, மனப்பாடமும் மணியடிச்சா மாறுற வரிசையுமா ஆயிடுச்சு, அது எனக்குப் பிடிக்காது, ஆனா பிள்ளை கிட்ட பிள்ளை கத்துக்கும்ங்கிறதும் விரல் வழியா எழுத்து ஏறும்ங்கிறதும் இந்த மண்ணுல அதுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம்.

இப்ப ஏபிஎல், அதாவது செயல்வழிக் கற்றல் பத்தி சொல்லாம இந்த ரிவ்யூ முடியாது, ஏன்னா இந்த செட்டை வாங்கினதே அந்த ஞாபகத்துலதான். 2003ல சென்னை மாநகராட்சி கமிஷனரா இருந்த எம்.பி. விஜயகுமார் முதல்ல 13 மாநகராட்சிப் பள்ளியில செயல்வழிக் கற்றலை ஆரம்பிச்சாரு. அதோட மூலம் ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கம் இருக்கிற ரிஷி வேலி பள்ளி, அங்க பத்மநாப ராவும் ரமாவும் சுத்துப்பட்டு கிராமத்துப் பிள்ளைங்களுக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய எல்லா அட்டையையும் ஒரு பெட்டிக்குள்ள அடக்கி வெச்சிருந்தாங்க, நம்ம டீச்சருங்க அங்க போய்ப் பார்த்துக் கத்துட்டு வந்தாங்க. மாநகராட்சிப் பள்ளி முழுக்கப் பரவி, விஜயகுமாரே அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு மாநிலத் திட்ட இயக்குநரா வந்ததும் 2007-08ல தமிழ்நாட்டுல 37,000க்கும் மேல அரசு, உதவி பெறும் தொடக்கப் பள்ளிக்கும் போயிடுச்சு. இவ்வளவு பெரிய அளவுல, ஃபீஸ் ஒரு பைசா இல்லாம, பிள்ளை தன் வேகத்துல படிக்கிற முறையை ஒரு மாநில அரசு கொண்டு போனதை நான் எப்பவும் பெருமையாத்தான் சொல்லுவேன்.

அந்த கிளாஸ் ரூமைப் பார்க்காதவங்களுக்காக சொல்றேன். சுவரைச் சுத்தி பிள்ளை எட்டுற உயரத்துல கீழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுல ஒரு கட்டம். மேல கம்பிப் பந்தல், பிள்ளைங்க வரைஞ்சது எழுதினது எல்லாம் அதுல தொங்கும். உள்ள வந்ததும் சுய வருகைப் பதிவுல தானே குறிக்கணும், காலநிலை அட்டவணையில இன்னைக்கு வெயிலா மழையான்னு காட்டணும், ஆரோக்கியச் சக்கரத்துல நகம் வெட்டிட்டியா பல் தேச்சியான்னு பார்க்கணும். அப்புறம் ஏணிப்படி. சுவர்ல ஒட்டியிருக்கிற அந்த ஏணியில தான் எந்தப் படியில நிக்கிறோம்னு பார்த்து, அந்தப் படிக்கு உள்ள சின்னத்தைப் பார்த்து, தட்டுல இருந்து அதே சின்னம் போட்ட அட்டையை எடுத்துட்டு, எந்தக் குழுன்னு பார்த்து அங்க பாய்ல போய் உக்காரும். ஒண்ணுல இருந்து நாலு வரை வகுப்பு கலந்து உக்காரும், ஒரு வாரம் காய்ச்சல்ல வராத பிள்ளை திரும்பி வந்தா விட்ட படியில இருந்தே தொடரும், எல்லாரும் பாடம் அஞ்சுல இருக்காங்க நான் மட்டும் மூணுலன்னு முழிச்சிட்டு நிக்க வேண்டாம். நாற்காலியில உக்காந்து பிரம்போட பாடம் நடத்தினதையே பார்த்து வளர்ந்த என்னை மாதிரி ஆளுங்களுக்கு, டீச்சரும் பாய்ல உக்காரணும்ங்கிறதே பெரிய மாற்றம்.

அது தளர்ந்து போனதுக்கு நிறைய பேர் நிறைய காரணம் சொல்லுவாங்க, புத்தகத்தைக் காணோமேன்னு பெத்தவங்க பயந்தாங்க, பதிவேடு நிரப்பியே டீச்சருக்கு நேரம் போச்சு, அதெல்லாம் உண்மை. 2012ல வருஷத்தை மூணு பருவமா பிரிக்கிற முப்பருவ முறையும், சி.சி.இ.ங்கிற தொடர் மதிப்பீடும் வந்ததும் புத்தகம் திரும்ப முன்னால வந்து அட்டை பின்னால போச்சு. ஆனா இந்த மரக் கட்டையோட ஒரு வருஷம் இருந்த பிறகு எனக்கு இன்னொண்ணும் தெளிவாச்சு. ஏபிஎல் அட்டையில பிள்ளை செஞ்சது சரியா தப்பான்னு அட்டை சொல்லாது. டீச்சரோ, முன்னாடி அந்தப் படியைத் தாண்டின பிள்ளையோ சொல்லணும். நாப்பது பிள்ளை ஆளுக்கொரு படியில நிக்கிறப்ப டீச்சர் எத்தனை பேருக்குத்தான் டிக் போடுவாங்க, அட்டை கையில வெச்சிட்டு பிள்ளைங்க வரிசையில காத்து நிக்கும். ஒரு அட்டை கிழிஞ்சு காணாமப் போனா அந்தப் படியே நின்னுடும். உருளைக் கட்டை மாதிரி, தப்பைத் தானே காட்டுற சாமான் அந்த ஏணியில பாதி படிக்காவது இருந்திருந்தா கதையே வேறயா இருந்திருக்கும்னு மனசார நம்புறேன்.

குச்சிப் பெட்டி அந்த வகையில அற்புதம். பூஜ்ஜியத்துல இருந்து ஒன்பது வரைக்கும் எழுதின பத்து அறை, குச்சி மொத்தம் 45. ஒண்ணு அறையில ஒண்ணு, ரெண்டுல ரெண்டு, இப்படியே போட்டா ஒன்பதுன்னு எழுதின அறையில சரியா முடியணும், நடுவுல எங்கயாவது ஒண்ணு கூடக் குறைய போட்டிருந்தா கடைசியில குச்சி மிஞ்சும் இல்ல பத்தாது, பிள்ளை தானே திரும்ப எண்ண ஆரம்பிச்சிடும். பூஜ்ஜியத்து அறை காலியா இருக்கும், அதுல ஒண்ணும் போடக் கூடாதுன்னு கண்டுபிடிக்கிறப்ப பிள்ளைங்க சிரிக்கிற சிரிப்பு இருக்கே. எனக்கு வந்த பெட்டியில ரெண்டு குச்சி குறைஞ்சுது. 43 குச்சி இருந்தா இந்தப் பெட்டிக்கு அர்த்தமே இல்ல, சரியா செஞ்ச பிள்ளையும் தான் தப்புன்னு நினைக்கும். போன் பண்ணேன், பில் நம்பர் கேட்டுட்டு ஒரு வாரத்துல கூரியர்ல அனுப்பிட்டாங்க, கூரியர் காசு வாங்கல, அதுக்கு நன்றி சொல்லியே ஆகணும். வாங்கினதும் எண்ணிப் பாருங்க.

தங்க மணியில ரெண்டு ரகம் விக்குது. ஒண்ணு நிஜமாவே மணி கோத்தது: ஒத்தை மணி, பத்து கோத்த கம்பி, நூறு கோத்த சதுரம், ஆயிரம் மணி இருக்கிற கனசதுரம். இன்னொண்ணுல நூறும் ஆயிரமும் வெறும் மரக்கட்டையில மணிப் படம் ஒட்டினது, விலை பாதிதான். நான் மணி கோத்ததையே வாங்கினேன், வாங்க முடிஞ்சா அதையே வாங்குங்க. ஒரு கையில ஒத்தை மணியும் இன்னொரு கையில ஆயிரமும் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு இடமதிப்பு கையில ஏறிடுது, மூணாவது பிள்ளைங்க 1,304ல பத்தாம் இடத்து பூஜ்ஜியத்தை விடாம எழுதறாங்க. படம் ஒட்டினதுதான் முடியும்னா ஒரு சோதனை இருக்கு, பத்து நூறு சதுரத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஆயிரம் கட்டை பக்கத்துல வைங்க, உயரம் சமமா இல்லேன்னா வேணாம். பத்துக் கம்பி முனை சிலது பிரிஞ்சு மணி உருண்டு ஓடுது, குறடு வெச்சு நானே வளைச்சு விட்டேன்.

வீட்டுக்கு வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். என் கிளாஸ்ல இது இவ்வளவு நல்லா நடக்கக் காரணம் மூணு வகுப்பு ஒண்ணா இருக்கிறது. ரெண்டாவது படிக்கிற பொண்ணு தங்க மணி வெச்சிட்டு இருக்கிறதை ஒண்ணாவது பையன் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டே இருப்பான், அவன் முறை வர்றப்ப பாதி ஏற்கெனவே தெரியும். இப்ப 2022ல இருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளையோட நிலைக்குத் தகுந்த மாதிரி பிரிச்சு நடத்துறோம், வகுப்பைப் பார்க்காம பிள்ளை எங்க நிக்குதுன்னு பார்க்கிற அந்த ஏபிஎல் எண்ணம் அதுல உயிரோட இருக்கு, ஒர்க்புக் வேலை முடிஞ்ச பிள்ளை தானா போய் அலமாரியில இருந்து கட்டையை எடுத்துக்கும். வீட்டுல ஒத்தைப் பிள்ளை, பக்கத்துல அம்மா உக்காந்து "அது இல்ல கண்ணா, இது"ன்னு எடுத்துக் குடுத்துட்டே இருந்தா உருளைக் கட்டை எதுக்கு. தெருப் பிள்ளைங்களையும் கூப்பிட்டு விடுங்க, நீங்க வாயை மூடிட்டுப் பக்கத்துல உக்காருங்க. இது முடியாதுன்னா இந்தக் காசுக்கு நல்ல கதைப் புத்தகம் வாங்கிக் குடுங்க, அதுவே மேல்.

கலர் பலகை பெயின்ட் உரியுது, வேணாம். பட்டன் சட்டத்துக்குப் பதில் அப்பாவோட பழைய சட்டை போதும். படக் கார்டுல இருக்கிற ஆப்பிளும் பனிமனுஷனும் எங்க பிள்ளைங்களுக்கு எதுக்கு, அதைப் பீரோவுலயே வெச்சுட்டேன்.

பிங்க் கோபுரம் கடையில வாங்காம ஊர்த் தச்சர்கிட்டயே செய்யலாம். பத்து கனசதுரம், ஒரு சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டர் கூடி கடைசி பத்து சென்டிமீட்டர். எல்லாத்தையும் ஒரே மூலையில ஒட்டின மாதிரி அடுக்கினா ஒவ்வொரு படியிலயும் சரியா ஒரு சென்டிமீட்டர் திண்ணை மாதிரி வெளிய நிக்கும், அந்தச் சின்னக் கட்டையை எந்தத் திண்ணையில வெச்சாலும் பிசிறில்லாம உக்காரணும். எனக்கு வந்ததுல ஆறாவதும் ஏழாவதும் அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்ல, பிள்ளைங்க ரெண்டையும் மாத்தி மாத்தி வெச்சுக் குழம்பினாங்க. எங்க ஊர் தச்சர் அந்த ரெண்டை மட்டும் பழைய வேப்பங்கட்டையில திரும்ப அறுத்துக் குடுத்தாரு, கலர் மட்டும் அடிக்கல. நல்லாக் காய்ஞ்ச மரமா இருக்கணும், பச்சை மரம் சுருங்கி அளவு மாறிடும்னு அவரே சொன்னாரு, அதனால குடுக்கிறப்ப அதைக் கேட்டுக்கங்க.